மலாயாத் தோட்ட முதலாளிகளும் இந்தியக் குடிப்பெயர்வுக் கொள்கையும்

1907 முதல் 1938 வரை, சென்னை மாகாணத்திலிருந்து மலாயாவுக்கு உழைப்பாளர் செல்லும் முறையை வகுத்ததில் ரப்பர்த் தோட்ட முதலாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வங்காள விரிகுடாவின் இரு கரைகளும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோதிலும், ஆள் அனுப்பும் இந்திய அரசும் ஆள் பெறும் மலாயா அரசுகளும் தத்தம் நலனை முன்வைத்தே பேசின.

மலாக்காவில் தோட்ட முதலாளி டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா (ரப்பர்) மரம் நட்டார். பின்னர் ஜாசின் மாவட்டத்தின் சுங்கை ரம்பாய் உட்பட, மாநிலத்தின் பல வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. அத்தேவைக்காக 1907இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. அரசு அதிகாரி தலைமை வகித்த அக்குழுவில் தோட்டத் துறையினர் செல்வாக்குடன் இருந்தனர். முதலாளிகளிடம் வரி வசூலித்துச் சேர்த்த நிதியிலிருந்து கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. கங்காணிகள் எனப்பட்ட தோட்ட மேற்பார்வையாளர்கள் சொந்த ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியே திரட்டப்பட்டோர் கப்பலேறினர். தரக்கூலியை, அதாவது தோட்டங்கள் தரவேண்டிய நாள்கூலி அளவை, நிர்ணயித்ததும் இதே குழு. கூலி கொடுப்போரே கூலியின் அளவைத் தீர்மானிக்கும் இடத்திலும் இருந்தது தொழிலாளருக்குப் பெருங்கேடாயிற்று.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் குடிப்பெயர்வுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை இந்தியாவுக்குத் தந்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் மலாயாவில் பணியமர்ந்தார். ஆனாலும் ரப்பர் விலையே தொழிலாளர் வாழ்வை ஆட்டிவைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில், 1930இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது, கூலி குறைந்தது, பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறியதும், 1934இல் மீண்டும் ஆட்கள் அழைக்கப்பட்டனர்.

இந்திய அரசு அனுப்ப, 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கொண்ட பழைய தரக்கூலியை மீட்கப் பரிந்துரைத்தார். ஆனால் 1938இல் ரப்பர் விலை சரிந்தபோது முதலாளிகள் மறுபடியும் கூலியைக் குறைத்தனர். இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல், உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிப்பெயர்வைத் தடை செய்தது.

அதோடு கங்காணி ஆள்சேர்ப்பு முடிவுற்றது. தோட்டத் துறை தன் செல்வாக்கால் திறந்த கடல்வழியை அதன் கூலிக்குறைப்பே அடைத்தது. அதன்பின் தோட்டத் தமிழர் சமூகம், பெரும்பாலும் லயங்கள் எனப்பட்ட தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டே வளர்ந்தது.