மாட்டாஸ்பத்திரி மாந்தர்

நம் குடியிருப்பின் பின்வாயிலைக் கடந்து, பால் விற்பனைக் கூடத்தையும் தாண்டிச் சிறிது தொலைவு நடந்தால், மஞ்சட் சுண்ணாம்பு பூசிய பழைய கட்டடம் ஒன்று தென்படும். முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் மாட்டை அசையாமல் நிறுத்தி வைக்கும் இரும்புச் சட்டம். தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பதிவேடு. அக்கம்பக்கத்தார் அதனை 'டங்கர் அஸ்பத்தால்' என்பர். நாம் மாட்டாஸ்பத்திரி என்கிறோம். இரு மொழியிலும் அப்பெயரைச் சொல்லுங்கால் உதட்டோரத்தில் ஒரு சிறு நகை தோன்றுவதை அன்பர்கள் கவனித்திருக்கக் கூடும். கால்நடை மருத்துவம் பயில விரும்பும் பிள்ளையிடம், 'மாட்டு டாக்டராகவா போகிறாய்?' என்று கேட்போர் நம்மவரிலும் உண்டு.

அந்நகை நியாயமானதன்று என்பதை வரலாறு கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மனிதன் இவ்வுலகிலிருந்து அடியோடு ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டே. ஒன்று பெரியம்மை; மற்றொன்று மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய். அவ்விரண்டாம் வெற்றிக்கு நம் நாடு செலுத்திய உழைப்பு, பெரும்பாலும் இத்தகைய சிறு கட்டடங்களில் பணியாற்றிய மருத்துவர், கம்பவுண்டர், ஊசி போடுவோர், கடைநிலை ஊழியர் ஆகியோரின் உழைப்பேயாம்.

பழைய மரபு

விலங்குகட்கு மருத்துவம் செய்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. அசோக மன்னனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் உரிய இருவகை மருத்துவத்திற்கு ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. தன் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர் நாடுகளிலும் இவ்வேற்பாடு செய்யப்பட்டதாக அக்கல்வெட்டு கூறுவது தமிழராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும். மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததையும் அதிற் காண்கிறோம்.

குதிரை மருத்துவ நூலைச் செய்தவராக வடமொழி மரபு போற்றுபவர் சாலிஹோத்திரர். அவர் பெயரே மருவிச் 'சலோத்ரி' ஆயிற்று. வடநாட்டில் குதிரை வைத்தியனுக்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் காலத்துக் குதிரைப்படைகளிலும் சலோத்ரிகள் இருந்தனர். தமிழகத்திலோ மாட்டு வாகடம் என்ற பெயரில் மருந்துமுறைகள் ஏட்டுச்சுவடிகளில் எழுதிக் காக்கப்பட்டு வந்தன. ஊர்தோறும் மாட்டு வைத்தியர் இருந்தனர். ஒடிந்த காலுக்கு மூங்கிற் பத்தை வைத்துக் கட்டவும், வயிறு உப்பிய மாட்டுக்கு மூங்கிற் குழாயால் மருந்து புகட்டவும் அவர் அறிவர். ஆயின், வெக்கை வந்துற்றபோது அவர் கைகளும் செயலற்று நின்றன.

வெக்கையின் கொடுமை

முதலிற் கடுங்காய்ச்சல், பின்பு கண்ணிலும் மூக்கிலும் நீரொழுக்கு, வாயினுள்ளே புண், அதனையடுத்து ஓயாத கழிச்சல். சில நாட்களில் மாடு மடியும். நோய் முன்பு தீண்டாத மந்தையிற் புகுந்தால் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போகும். மழை பெய்து ஏர் பூட்ட வேண்டிய வேளையில் உழவன் தன் இரு காளைகளையும் இழந்தானாயின், அவ்வாண்டு அவன் நிலம் தரிசு; வீட்டில் பசி; அடுத்தது கடன். ஆதலின் வெக்கை மாட்டின் நோய் மட்டுமன்று, வீட்டின் நோயுமாகும்.

கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 1871-இல் அளித்தது. ஆயினும் அரசின் கண் நெடுங்காலம் படைக்குதிரையின் மீதே இருந்தது. உழவனின் மாடு பின்னரே அதற்குத் தென்பட்டது. 1882-இல் லாகூரிலும், 1886-இல் பம்பாயிலும், 1893-இல் கல்கத்தாவிலும், 1903-இல் சென்னையிலும் கால்நடை மருத்துவக் கல்விக்கூடங்கள் தோன்றின. அவற்றிற் பயின்று வெளிவந்தோரே பின்னாளில் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிகளில் மேசைக்குப் பின்னால் அமர்ந்தனர்.

1889-இல் புனாவில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சிக்கூடம், 1893-இல் குமாவுன் மலையில் உள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. கொடிய கிருமிகளை ஊர்களுக்கு அப்பால் வைத்து ஆராய அக்குளிர்ந்த மலைக்காடு ஏற்றதாயிருந்தது. ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1897-இல் அங்கு வந்து வெக்கை ஆராய்ச்சிக்கு ஆலோசனை கூறினார். நைனிதால் செல்லும் நம் குடும்பங்கள் இன்னும் சிறிது தூரம் சென்று முக்தேசுவரத்தையும் கண்டு வரலாம். பனிமலைக் காட்சியோடு வரலாற்றுக் காட்சியும் கிட்டும்.

தொடக்கத்தில் கிடைத்தது சீரம் என்னும் ஊனீர் மருந்து. அதன் பாதுகாப்புச் சில வாரங்களே நின்றது. 1920களின் பிற்பகுதியில் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பார், நோய்க் கிருமியை ஆட்டின் உடலில் மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் கடுமையைத் தணித்துத் தடுப்பு மருந்தாக்கினார். ஒருமுறை போட்டால் பல்லாண்டு காக்கும் மருந்து உழவனின் மாட்டுக்கு அன்றுதான் கிடைத்தது.

ஊசியும் பனிக்கட்டியும்

மருந்து பிறந்தது மலையுச்சியில். மாடு நின்றது சேற்று வயலில். இரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடந்தவர்கள் யாவர்? அவர்களே நம் கட்டுரையின் தலைவர்கள்.

1954-இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் நாடளாவிய முறையில் தொடங்கியது. தடுப்பு மருந்து வெப்பம் தாங்காது. நீரிற் கரைத்தபின் சில மணி நேரத்திற்குள் போட்டு முடித்தாக வேண்டும். ஆகவே பனிக்கட்டியிட்ட குடுவையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊழியர் விடியுமுன் புறப்படுவர். மாடுகள் மேய்ச்சலுக்குப் போகுமுன் ஊரை அடைந்தால்தான் வேலை நடக்கும். ஊசி போட்டால் கறவை வற்றிவிடும், சினை கலைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு நயமாக எடுத்துரைத்தல் வேண்டும். மிரளும் காளையைக் கயிறிட்டுப் பிடிப்பவர் கடைநிலை ஊழியர். மருந்தைக் கரைத்துக் கணக்கு வைப்பவர் கம்பவுண்டர். மாட்டின் குணமும் நோயும் அறிந்து ஆணையிடுபவர் மருத்துவர். இவர்களுள் ஒருவர் தவறினும் மற்றவர் உழைப்பு வீணாகும். கொம்பு குத்தியும், குளம்பு உதைத்தும் பெற்ற தழும்புகளே அவர்கட்குப் பதக்கங்கள்.

இப்பணியில் மகளிரும் பிற்படவில்லை. சென்னைக் கல்லூரியிற் பயின்ற சக்குபாய் இராமச்சந்திரன், இந்தியாவின் முதற் பெண் கால்நடை மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

இல்லாததைத் தேடியவர்கள்

பல கோடி மாடுகளுக்கு ஊசி போட்டும் வெக்கை ஆங்காங்கே ஒளிந்து நின்றது. தென்னாட்டில் நெடுநாள் நீடித்தது. 1992-இல் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. ஊசி போடுவது மட்டும் போதாது. நோய் ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஊர் ஊராகச் சென்றும், மாட்டு மந்தைகள் நடந்து செல்லும் வழிகளிலும், ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் தேடினர். நாம் தாழ்வாரத்திற் கண்ட அந்தப் பதிவேடு, கழிச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து கண்ட மாடு ஏதேனும் வந்ததா என்பதற்குச் சான்றாயிற்று.

நாட்டின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995-இல் நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. அதன்பின் ஊசியையும் படிப்படியாக நிறுத்தினர். ஊசி போட்ட மாட்டின் குருதியும், நோய் வந்து பிழைத்த மாட்டின் குருதியும் சோதனையில் ஒன்றுபோலவே தோன்றும். ஊசியை நிறுத்தினாலன்றி, நோய் இல்லை என்று மெய்ப்பிக்க இயலாது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் காவல் நிற்பதற்கொப்பான துணிவு அது. 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடென அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது.

நம் குடியிருப்பை அடுத்த ஆஸ்பத்திரியில் ஊழியராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் அந்நாட்களைப்பற்றிக் கேட்டேன். அவர் இந்தியிற் சொன்னதன் கருத்து இது: "பாபுஜி, இளமையில் நோய் இருந்த ஊருக்கு ஓடினோம். பின்னாளில் நோய் இல்லாத ஊர்களுக்கெல்லாம் போய் அதைத் தேடினோம். ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பி 'இல்லை' என்று எழுதினோம். வீட்டில், 'இதற்கா சம்பளம்?' என்று சிரித்தார்கள்." அந்த 'இல்லை' என்னும் ஒரு சொல்லை எழுதுவதற்கு இந்நாடு நூறாண்டுக்கு மேல் உழைத்தது என்பதை அவரிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. தேநீர் வருவித்துக் கொடுத்தார்.

நம் கடமை

பெரியம்மை ஒழிந்த கதையை நம் பிள்ளைகள் பாடத்திற் படிக்கின்றனர். வெக்கை ஒழிந்த கதையை அறிந்தோர் சிலரே. நோய் மறைந்தால் அதை விரட்டியவரும் மறக்கப்படுவது உலக இயல்பு போலும்! 1976-இல் தேசிய வேளாண்மைக் குழு, ஐயாயிரம் கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவராவது வேண்டும் என்றது. பல மாநிலங்களில் இன்றும் மருத்துவரும் ஊழியரும் போதிய அளவில் இல்லை. 2022-இல் தோல் கழலை நோய் வடமேற்கு மாநிலங்களிற் பரவிப் பசுக்களைக் கொன்றபோது, குறைந்த ஆட்களோடு ஊர் ஊராக ஊசியெடுத்துச் சென்றவரும் இவர்களே.

காலையில் நாம் பருகும் காப்பியின் பாலுக்குப் பின்னால் ஒரு மாடு இருக்கிறது. அம்மாட்டுக்குப் பின்னால் இம்மாந்தர் இருக்கின்றனர். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவோ, வழியில் அடிபட்ட கன்றை ஒப்படைக்கவோ அவ்வாஸ்பத்திரிக்கு நாம் செல்லும் நாள் வரும். அன்று மருத்துவரை மட்டுமன்றி, மாட்டைப் பிடித்து நிற்கும் ஊழியரையும் கைகூப்பி வணங்கிவிட்டு வருவோமாக. கூடவே நம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அந்தப் பதிவேட்டைக் காட்டி இக்கதையைச் சொல்வோமாக.