காலாங் ஆகாய விமான நிலையத்தின் 18 ஆண்டுகள்

சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்தில், உச்சியிற் கண்ணாடிக் கோபுரம் தாங்கி நிற்கும் பழங் கட்டிடமொன்றை நம்மிற் பலர் பார்த்திருப்போம். ஒரு காலத்தில் இத்தீவின் ஆகாய வாயிலாக விளங்கியது அதுவே. 1937 முதல் 1955 வரை, 18 ஆண்டுகளே அந்நிலையம் இயங்கிற்று. அத்துணைச் சிறப்பொடு பிறந்தது இத்துணை விரைவிற் கைவிடப்பட்டது எதனால் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

அதற்கு முன்னர் பிரயாணிகள் விமானங்கள் சிலேத்தார் இராணுவத் தளத்திலேயே இறங்கி வந்தன. அதுவோ நகருக்குத் தொலைவு. ஆகவே, நகரையடுத்த காலாங் ஆற்றுமுகத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துப் புதிய நிலையம் அமைக்கப்படுமென 1931இல் கவர்னர் சர் செசில் கிளமெண்டி அறிவித்தார். சதுப்பு என்றதும் ஆளற்ற வெளியென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. மலாய்க் குடிகள் அங்கு வாழ்ந்திருந்தனர். நிலையத்தின்பொருட்டு அவர்கள் பெயர்க்கப்பட்டு, முகமது யூனுஸ் அப்துல்லா முதலியோர் முயற்சியால் உருவான மலாய்க் குடியிருப்பிற்குச் சென்றனர். கட்டிடத்தின் அழகைப் பேசுவோர் இவர்களையும் நினைத்தல் வேண்டும். வீட்டைப் பிரித்துக்கொண்டு வேற்றிடம் போவதன் துன்பம் நம் தோட்டப்புறத்தார் அறியாததன்று.

1937 ஜூன் 12ஆம் நாள் கவர்னர் சர் ஷெண்டன் தாமஸ் நிலையத்தைத் திறந்து வைத்தார். இறங்குதளம் வட்டமான புற்றரை. காற்று எத்திசையினின்று வீசினும் அதற்கெதிர்முகமாக விமானம் இறங்கலாம். நீரில் இறங்கும் கடல் விமானங்கள் கரையேறச் சாய்தளமும் அருகேயே இருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே தலைசிறந்த நிலையம் என்ற புகழ் பரவிற்று. திறந்து எட்டு நாட்களில், உலகைச் சுற்றிப் பறக்கப் புறப்பட்ட அமெரிக்கப் பெண்மணி அமீலியா ஏர்ஹார்ட் அங்கு வந்திறங்கினார். இரு வாரங்களுக்குள் அவர் பசிபிக் கடற்பரப்பில் மறைந்துபோனார்.

யுத்தம் வந்து போயிற்று. அதன்பின் வந்த விமானங்கள் பெரியன, பாரமானவை. அவற்றிற்கு வட்டப் புல்வெளி பயன்படாது. நீண்ட, நேரான, கெட்டியான ஓடுபாதை வேண்டும். நீட்டுவதற்கு இடமெங்கே? ஒருபுறம் கடல், மறுபுறம் நகரம். ஓடுபாதை மௌண்ட்பேட்டன் ரோடுவரை நீண்டது. விமானம் வருங்கால் ரோட்டிற் செல்லும் வண்டிகள் நின்று வழிவிட்டன. வேடிக்கை பார்க்கும் சிறுவர்க்கு அது கொண்டாட்டம்! நகருக்கு அண்மையென்று எந்தக் குணத்தைக் கருதிக் காலாங் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அக்குணமே அதன் கழுத்தை நெரித்தது.

1954 மார்ச் 13ஆம் நாள், இறங்க வந்த கான்ஸ்டெலேஷன் விமானமொன்று ஓடுபாதை முனையிலிருந்த கடற்சுவரில் மோதி எரிந்தது. 33 பேர் மாண்டனர். இவ்விபத்தினாலேயே நிலையம் மூடப்பட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது. பாய லேபாரில் புதிய தளத்து வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கும் கம்பத்து மக்களே வீடுவாசல் விட்டுப் பெயர்ந்தனர். 1955 ஆகஸ்டு 20ஆம் நாள் பாய லேபார் திறக்கப்பட, காலாங் ஓய்ந்தது. பாய லேபாரும் 1981இல் பிரயாணிகளைச் சாங்கிக்கு விட்டுக்கொடுத்தது வேறு கதை.

விமானங்கள் நீங்கிய வெளியில் மக்கள் புகுந்தனர். 1956 மார்ச் 18ஆம் நாள், சுயாட்சி கோரி நடந்த மெர்டேக்காக் கூட்டத்திற்குப் பல்லாயிரவர் திரண்டது அவ்விடத்திலேதான். 1960 முதல் 2009 வரை பழைய கட்டிடம் மக்கள் கழகத்தின் தலைமையகமாயிருந்தது. 2008இல் சர்க்கார் அதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவித்தது.