பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா? 90 வயசு காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடுவது எப்படி!

1930-ல் வந்த ஃபோர்டு மாடல் ஏ காருக்கு இன்றைக்கும் புத்தம்புது கேஸ்கெட் செட் கிடைக்கும். கார்புரேட்டர் கிட், ஹெட்லைட் கண்ணாடி, ஏன், ஹார்ன் பட்டனைக்கூட போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைக்கலாம். நம்ப கஷ்டமா இருக்கா? கணக்கு ரொம்ப சிம்பிள். 1927 கடைசியில் ஆரம்பித்து நாலே வருஷத்தில் ஃபோர்டு சுமார் 48 லட்சம் மாடல் ஏ வண்டிகளைச் செய்து தள்ளியது. அதில் மிச்சமிருக்கும் வண்டிகளுக்குப் பார்ட்ஸ் செய்து விற்பதற்கென்றே அமெரிக்காவில் கடைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் குட்டிக் கார் ஆஸ்டின் செவனும் இப்படித்தான். 1922 முதல் 1939 வரை சுமார் 2.9 லட்சம் வண்டிகள் வந்ததால், அங்கே இன்னமும் அதற்கு ஒரு மார்க்கெட் உண்டு.

அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் ஒன்றை வாங்கும் ஆசை இருந்தாலோ, தாத்தா வீட்டு ஷெட்டில் ஒன்று தூசி படிந்து நின்றாலோ, முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த மாடல் மொத்தம் எத்தனை வந்தது?' என்பதுதான். பளபளப்பு, கம்பீரம் எல்லாம் அப்புறம். ஆயிரக்கணக்கில் மட்டுமே வந்த ஒரு ஆடம்பரக் காரின் கிராங்க் ஷாஃப்ட் போனால், அதை வாங்க முடியாது, செய்யத்தான் வேண்டும்.

நம்ம ஊர் வண்டிகளில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. ஃபோர்டு 1926-லேயே இந்தியாவில் கம்பெனி தொடங்கி, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் கார்களைப் பூட்டி விற்றது. ஆனால், அது கனடா ஃபோர்டின் கிளை. இங்கே வந்தவை வலது பக்க ஸ்டீயரிங் வண்டிகள். அமெரிக்க கேட்டலாக்கைப் பார்த்து இன்ஜின் பாகங்களைத் தைரியமாக ஆர்டர் பண்ணலாம். ஸ்டீயரிங் பாக்ஸ், அதைச் சேர்ந்த இணைப்புகள் என்று வரும்போது, 'வலது பக்க வண்டிக்குப் பொருந்துமா?' என்று கேட்காமல் பணம் கட்டாதீங்க.

உடைஞ்சதையும் தூக்கிப் போடாதீங்க

வண்டியைப் பிரித்ததும் பட்டறையில் முதலில் கேட்கும் வசனம் இதுதான்: "எதுக்கு தம்பி இந்தத் துருப்பிடிச்சதை வெச்சுக்கிட்டு? காயலான் கடையில போட்டுட்டுப் புதுசா பார்த்துக்கலாம்." இந்த இடத்தில் மட்டும் மெக்கானிக் அண்ணன் பேச்சைக் கேட்கக் கூடாது. 90 வருஷ வண்டிக்கு வரைபடம் கிடைப்பது அபூர்வம். அந்தத் துருப்பிடித்த துண்டுதான் வரைபடம். ஓட்டை எங்கே, மரை என்ன அளவு, எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாதி உடைந்திருந்தால்கூட மீதிப் பாதியை வைத்து முழுசையும் செய்துவிடலாம். கையில் எதுவுமே இல்லையென்றால், இன்னொரு வண்டி வைத்திருப்பவரைத் தேடிப்போய் அளவெடுக்க வேண்டும்.

பிரிக்கும்போதே ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, தனித்தனி கவரில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என எழுதி வையுங்கள். போல்ட்டுக்குக் கீழே எத்தனை வாஷர், எந்த வரிசையில் என்பது வரை. ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பூட்டும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்து, பாகத்தின் மேல் அச்சாகியிருக்கும் நம்பரைத் தேடுங்கள். மாடல் ஏ கார்புரேட்டருக்கு ஏ-9510 என்று நம்பர் உண்டு. பெயரைவிட நம்பரைச் சொல்லித் தேடினால் சரியான பொருள் வரும். பால் பேரிங், ரோலர் பேரிங் என்றால் பயமே வேண்டாம். அப்போதே அளவுகள் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு. உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். கார் பேரைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை, மும்பையில் சோர் பஜார் என்று சுற்றலாம்தான். ஆனால், போருக்கு முந்தைய சரக்கு அங்கே மாட்டுவது அதிர்ஷ்டம். கிளப்களில் சேர்வது அதைவிட உருப்படியான வழி. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஜீ.டி. கார் மியூசியம் இருக்கிறது. ஒரு பழைய கார் முழுசாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவாவது ஒரு நடை போய் வாங்க.

பல வருஷமாகப் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய ஒரிஜினல் சரக்கு என்று சிலர் விற்பார்கள். கியர், கண்ணாடி, பல்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பரும் கண்டன்சரும் அப்படியில்லை. பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றுக்கு வயசாகும். டயரும் இதே கதைதான். பட்டன் தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

மரையில் ஒரு மர்மம்

பிரிட்டிஷ் கார் என்றால் உங்கள் வீட்டு ஸ்பேனர் செட் எதுவும் செட் ஆகாது. அவை விட்வொர்த் மரைகள். மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க, மெட்ரிக் மரைகளில் 60 டிகிரி. அதிலும் விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட் தண்டின் விட்டம், நட்டின் அகலம் அல்ல. அரை அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கிட்டத்தட்ட 0.92 அங்குலம் இருக்கும்!

கால் அங்குல விட்வொர்த், அமெரிக்கக் கால் அங்குல கோர்ஸ் மரை இரண்டிலுமே அங்குலத்துக்கு 20 சுற்று. ஒன்றில் மற்றொன்று நுழைந்துவிடும், இறுக்கவும் செய்யும். ஆனால் கோணம் வேறு என்பதால் சரியாகப் பிடிக்காது. அரை அங்குலத்தில் ஒன்று 12 சுற்று, மற்றது 13. அங்கே முறுக்கினால் மரை போயே போச்சு. இதையெல்லாம் மிஞ்சியது மோரிஸ். அதன் இன்ஜின்களைச் செய்த கோவென்ட்ரி தொழிற்சாலை முதலில் பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்ஸுடையது. 1923-ல் மோரிஸ் அதை வாங்கியது. இயந்திரங்கள் மெட்ரிக், ஊர்க்காரர்கள் கையில் விட்வொர்த் ஸ்பேனர். விளைவு, மெட்ரிக் மரைக்கு விட்வொர்த் தலை! தலையைப் பார்த்து மரையை முடிவு செய்யாதீங்க, மரை கேஜ் வைத்துப் பாருங்க.

கிடைக்காததைச் செய்வது

வார்ப்புப் பாகம் ஒன்று உடைந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை. பழசையே மணலில் அமுக்கி அச்செடுத்து ஊற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவிகிதம் சுருங்கும். அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. 30 சென்டிமீட்டர் பாகத்தில் 3 மில்லிமீட்டர் குறைந்தால் போல்ட் ஓட்டைகள் எதுவுமே பொருந்தாது. அதனால்தான் பேட்டர்ன் செய்பவர்கள் சுருக்கத்தையும் கணக்கிட்டுப் பெரிதாகச் செதுக்குவார்கள். இப்போது அந்த வேலையை 3டி ஸ்கேனரும் பிரிண்டரும் செய்கின்றன. அமெரிக்க டி.வி பிரபலம் ஜே லெனோ, தன் 1907 ஒயிட் நீராவிக் காரின் ஃபீட் வாட்டர் ஹீட்டரை இப்படி ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுத்து, அதை வைத்துப் புதுசாக வார்க்கச் செய்தார். 2009 வாக்கிலேயே இது நடந்தது. நம்ம கோவை ஃபவுண்ட்ரிகளுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஒரே ஒரு பீஸ் செய்து கொடுக்க அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் வித்தை.

பிளாக்கில் விரிசல் என்றால் உடனே பத்த வைக்க விடாதீங்க. வார்ப்பிரும்பைச் சரியாகச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை போட்ட பிளக்குகளை ஒன்றோடொன்று கோத்துத் தைக்கும் முறை இருக்கிறது. சூடே தேவையில்லை.

இதையெல்லாம்விட மெனக்கெட வேண்டிய இடம் பேரிங். இன்றைய இன்ஜினில் தேய்ந்த ஷெல்லைக் கழற்றிப் புதுசு மாட்டுவோம். மாடல் ஏ போன்ற வண்டிகளில் ஷெல்லே கிடையாது. வெள்ளீயம் பெரும்பங்கும், ஆன்டிமனி, செம்பு கொஞ்சமும் கலந்த ஒயிட் மெட்டலை உருக்கி, கனெக்டிங் ராடிலும் பிளாக்கிலும் நேரடியாக ஊற்றியிருப்பார்கள். மூடிக்கு நடுவே தாள் மாதிரி மெல்லிய ஷிம் தகடுகள். தேய்மானம் வந்தால் ஒரு அடுக்கை உரித்து இறுக்கினால் போதும். உரிக்க ஷிம் இல்லை, இன்ஜின் 'டக் டக்' என்கிறது என்றால், பழைய உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். முதலில் இரும்பைச் சுத்தமாக்கி ஈயம் பூச வேண்டும், இல்லையென்றால் ஊற்றியது ஒட்டாது. அப்புறம் மாடல் ஏ-வின் மூன்று மெயின் பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி போரிங். கடைசியில் நீலம் தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டுவது. இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

இந்தக் கை வேலை தெரிந்தவர்கள் கார் பட்டறைகளில் அருகிவிட்டார்கள். கப்பல், பெரிய பம்ப், ஆலை இயந்திரங்களுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றும் பட்டறைகளில் கேளுங்கள். "ஈயம் பூசிட்டுத்தானே ஊத்துவீங்க? லைன் போரிங் நீங்களே பண்ணுவீங்களா?" என்ற இரண்டு கேள்விகளிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பிளாக்கைக் கடைந்து நவீன ஷெல் போடுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியை அடிக்கடி ஓட்டப்போகிறீர்கள் என்றால் அது தப்பில்லை. பழைய ராடுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

பெட்ரோல், ஆயில், தூசி

இப்போது பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய கார்புரேட்டர்களில் கார்க் மிதவை இருக்கும், அதன்மேல் அரக்கு பூச்சு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மிதவை பெட்ரோல் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழிந்து ஊற்றும். பித்தளை மிதவை மாற்றுங்கள், பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். மாசக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். கியர் பாக்ஸில் வெண்கல புஷ் இருந்தால் ஜி.எல்-5 ஆயில் வேண்டாம், ஜி.எல்-4 கேளுங்கள்.

6 வோல்ட் வண்டி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பாதி வோல்டேஜில் இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும். 12 வோல்ட் காரின் மெல்லிசு கேபிள் அதைத் தாங்காது.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்துத் தூசி தட்டவே கூடாது. முகத்துக்கு மாஸ்க், ஈரத்துணி. பெட்ரோல் டேங்க்கில் ஓட்டை என்றால் 'காலியாத்தானே இருக்கு' என்று பத்த வைத்துவிடாதீங்க. உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.

பார்ட்ஸ் கிடைக்காத காலத்தில் பல பழைய கார்களில் அம்பாசடர் இன்ஜினோ ஜீப் இன்ஜினோ ஏற்றினார்கள். அன்றைக்கு வண்டி ஓடினால் போதும் என்ற நிலைமை. இன்றைக்கு அதைச் செய்தால் காசுக்கும் கேடு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றாத சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான் விண்டேஜ் பதிவு. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆய்வு, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இவற்றுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம்.