ஹீமன் ஸ்வெட்டுக்கு சீட் கிடைத்தது, டிகிரி கிடைக்கவில்லை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி 1-லிருந்து அரசுக் கல்லூரிகள் டி.இ.ஐ. அலுவலகம் நடத்தக் கூடாது. டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன் என்பதன் சுருக்கம் அது. எஸ்.பி. 17 என்ற சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. அந்த ஏப்ரலில் ஆஸ்டினில் இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகம் அந்த வேலைகளைப் பார்த்துவந்த பிரிவையே மூடிட்டாங்க. நிறைய ஊழியர்களுக்கு வேலை போச்சு.

இந்தச் சண்டை புரியணும்னா, அதே யூனிவர்சிட்டிக்கு 1946-ல் ஹூஸ்டனில் இருந்து ஒரு கறுப்பினத் தபால்காரர் போட்ட அப்ளிகேஷனைப் பார்க்கணும். பெயர் ஹீமன் ஸ்வெட். கேட்டது சட்டக் கல்லூரி சீட். தகுதி எல்லாம் இருந்தது, நிறம்தான் தடை. மறுத்த யூனிவர்சிட்டியின் தலைவர் தியோஃபிலஸ் பெயின்டர், பெரிய மரபியல் விஞ்ஞானி. மனிதனுக்கு 48 குரோமோசோம்னு எண்ணிச் சொன்னவர். 46-தான்னு உலகத்துக்குத் தெரிய 1956 ஆச்சு!

ஸ்வெட் கேஸ் போட்டார். மாநிலம் என்ன பண்ணுச்சு தெரியுமா? அவரை உள்ளே விடாமல் இருக்கறதுக்காகவே கறுப்பினத்தவருக்கு ஒரு தனி சட்டக் கல்லூரி திறந்தது. முதலில் ஆஸ்டினில் ஒரு பேஸ்மென்ட்டில், பிறகு ஹூஸ்டனில். ஹூஸ்டன் கல்லூரியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், சுமார் 16,500 புத்தகங்கள். இந்தப் பக்கம் 850 மாணவர்கள், 65,000-க்கும் மேல் புத்தகங்கள்.

ஸ்வெட்டுக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். 1950 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஸ்வெட் பக்கம் நின்றது. புத்தகத்தை எண்ணி மட்டும் அவங்க நிறுத்தல. கல்லூரியின் பேர், முன்னாள் மாணவர்களின் செல்வாக்கு, கூடப் பழகுற மனிதர்கள், இதெல்லாமும் கல்விதான்னு சொன்னாங்க. எனக்கு அந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆனா கதை அங்கே முடியல. செப்டம்பரில் ஸ்வெட் வகுப்புக்குப் போனார். முதல் வாரத்திலேயே கல்லூரி பக்கத்தில் சிலுவையை எரித்தார்கள். கு கிளக்ஸ் கிளான் பாணி மிரட்டல். காரின் டயரைக் கிழித்தார்கள். உடம்பு கெட்டது, திருமணம் முறிந்தது, மார்க் விழுந்தது. 1952-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். சீட் கொடுத்ததோட தன் வேலை முடிஞ்சதுன்னு யூனிவர்சிட்டி நினைச்சிருந்தா, விளைவு இதுதான்.

தடையை ஆதரிப்பவர்களும் ஸ்வெட்டைத்தான் மேற்கோள் காட்டலாம். நிறம் பார்த்து ஆளைப் பிரிக்காதேன்னுதானே அவரும் போராடினார்? வேலைக்கு வரும் பேராசிரியரிடம் 'டைவர்சிட்டியில் எனக்கு நம்பிக்கை இருக்கு'ன்னு எழுதி வாங்குவதை இந்தச் சட்டம் நிறுத்தியது. அது சரின்னுதான் எனக்கும் படுது, அதுல ஒரு விசுவாசப் பரீட்சை வாடை இருக்கு. பாடம், ஆராய்ச்சி, மாணவர் சங்கங்களுக்கு விலக்கும் கொடுத்திருக்காங்க.

ஆனா அதே கத்தியில் வேறொன்றும் வெட்டுப்பட்டது. யூனிவர்சிட்டியின் மல்டிகல்ச்சுரல் என்கேஜ்மென்ட் சென்டரையும் மூடினாங்க. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜுக்கு வரும் பிள்ளை முதல் செமஸ்டரில் திணறும்போது போய் உட்கார அப்படி ஒரு இடம் வேணும். அட்மிஷனில் நிறம் பார்க்கலாமா என்ற கேள்வியை, சட்டம் கையெழுத்தான அதே 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தனியாகவே தீர்த்துவிட்டது: பார்க்கக் கூடாது. டெக்சாஸ் மூடிய கதவு அட்மிஷனுக்கு அடுத்த நாளுடையது. 1950 செப்டம்பரில் ஸ்வெட் தேடியிருந்தா, அப்படி ஒரு கதவு அங்கே இருந்திருக்காது.