நினைவுகூரப்பட்டோரும் மறக்கப்பட்டோரும்: வட்டுக்கோட்டைச் செமினரிச் சமூகம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கல்விச் சமூகம் தன் மறைந்தோரை நினைவுகூரும் முறை, அச்சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்தினைப் புலப்படுத்துவதாகும். எவருடைய பெயர் கல்லிலே பொறிக்கப்படுகின்றது, எவருடையது ஏட்டிலே மட்டும் நிற்கின்றது, எவருடையது இரண்டிலும் இடம்பெறாது போகின்றது என்னும் வினாக்கள் பக்தியுணர்வோடு மட்டும் தொடர்புடையனவல்ல. அவை சமூக வரலாற்று வினாக்களுமாகும். இந்நோக்கில் வட்டுக்கோட்டைச் செமினரியைச் சார்ந்து வாழ்ந்து மறைந்தோர் நினைவுகூரப்பட்ட வகையினை இங்கு ஆராய்வோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்கள் 1823இல் வெளியிட்ட திட்டம், தமிழ் இளைஞர்க்கு இலக்கியமும் விஞ்ஞானமும் சமயமும் போதிக்கும் உயர் கல்லூரி ஒன்றினை நோக்கமாகக் கொண்டிருந்தது. பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கருக்குக் கல்லூரிச் சாசனம் வழங்க உடன்படாமையால் அது செமினரி என்னும் பெயருடனேயே இயங்கிற்று. பெயர் எதுவாயினும், கற்பிக்கப்பட்ட பாடங்களை நோக்குமிடத்து, அதனைப் பல்கலைக்கழகக் கல்வியின் முன்னோடி எனக் கொள்ளுதல் தகும். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றபோது அதன் விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டையிலேயே இயங்கியமை இத்தொடர்பினை நமக்கு அண்மையதாக்குகின்றது.

இச்சமூகத்தின் முதல் நினைவு மரபு மிஷனரிமாருடையது. அவர்தம் வாழ்வில் மரணம் இடையறாத துணையாக இருந்தது. டானியல் பூரின் மனைவி சூசன் 1821இலும், ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இலும் இறந்தனர். 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்சிலோ 1833இல் மறைந்தார். செமினரியின் முதல் அதிபராகிய பூர் 1855இல் வாந்திபேதிக்கு இரையானார். ஹரியற்றின் வாழ்க்கை வரலாற்றை அவர் கணவர் மிரன் வின்சிலோ எழுதி 1835இல் வெளிப்படுத்தினார். இவ்வகை நூல்கள் அமெரிக்க வாசகரை நோக்கியவை. மறைந்தவரின் தியாகத்தை எடுத்துரைத்து, மிஷனுக்குப் பொருளும் ஆளும் திரட்ட அவை உதவின. இங்கு நினைவுகூர்தல் துயரின் வெளிப்பாடாக இருந்ததோடு நிறுவனத்தின் தேவையுமாக இருந்தது. கட்டடங்களும் இப்பணியைச் செய்தன. பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லியின் பெயரை ஒட்லி மண்டபமும், பூரின் பெயரை யாழ்ப்பாணக் கல்லூரி நூலகமும் தாங்கின.

இம்மரபின் விசித்திரமான கூறு பெயரிடும் வழக்கமாகும். விடுதியிற் பயின்ற சிறுவனின் செலவை அமெரிக்காவிலுள்ள கொடையாளர் ஒருவரோ சபையொன்றோ ஏற்றனர். அவர்கள் விரும்பிய பெயரே அவனுக்கு இடப்பட்டது. அப்பெயர் பல வேளைகளில் அவர்கள் போற்றிய போதகர் ஒருவருடையதாகவோ இறந்துபோன உறவினர் ஒருவருடையதாகவோ அமைந்தது. இவ்வாறே நெவின்ஸ், கரல், ஆர்னல்ட், எவாட்ஸ், டான்வோர்த், சப்மன் எனத் தமிழ்ச் சிறுவர் அழைக்கப்பட்டனர். நியூ இங்கிலாந்தின் மறைந்தோர் யாழ்ப்பாணத்துச் சிறுவர் மீது நினைவுச் சின்னமாக ஏற்றப்பட்டனர் என்பது மிகைக் கூற்றாகாது. பெற்றோர் இட்ட பெயர் அதன் பின்னால் ஒதுங்கி நின்றது.

ஆயின் வரலாறு கொடையாளரின் விருப்பப்படி நடக்கவில்லை. சிறுப்பிட்டி வைரவநாதரின் மகனாகிய தாமோதரம்பிள்ளை (1832–1901) செமினரியின் பதிவிற் கிங்ஸ்பெரி என்னும் பெயரைத் தாங்கியவர். அவரும் கரல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தந்த விசுவநாதபிள்ளை பின்னர் சைவத்துக்கு மீண்டார். தாமோதரம்பிள்ளையும் அவ்வாறே சைவராகி, வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தார். தமிழுலகம் அவரைச் சி. வை. எனவே அறியும், அவ்வெழுத்துக்கள் ஊரையும் தந்தையையும் குறிப்பன. கிங்ஸ்பெரி என்னும் பெயரோ அவருடைய மகனிடத்து மீண்டும் தோன்றிற்று. அழகசுந்தரம் என்னும் அம்மகன் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயருடன் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் போதித்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடக்கிய ஆங்கிலப் பாடசாலையோ, 1890இல் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

இத்தகையோரை எவ்வாறு நினைவுகூர்வது? இங்கேதான் சிக்கல் எழுகின்றது. மிஷன் வரலாற்றாசிரியர் இவர்களை இழந்த ஆடுகளாகக் கண்டு சில வரிகளோடு நிறுத்தினர். சைவ மறுமலர்ச்சியை எழுதியோர் வட்டுக்கோட்டை ஆண்டுகளை இளமைக்கால விபத்தாகக் கருதி விரைந்து கடந்தனர். இரு சாராரும் ஒரே மனிதரைப் பாதியாகப் பிளந்து, தமக்கு வேண்டிய பாதியை மட்டும் நினைவிற் கொண்டனர். செமினரியிற் பெற்ற கணிதமும் நியாயமும் ஆங்கிலப் பாட விமரிசன அறிவுமே ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் ஆற்றலுக்கு உரமளித்தன எனக் கொண்டால், இவ்விரு பாதிகளையும் பிரித்தல் அவர்தம் உழைப்பையே விளங்காததாக்கும்.

இப்பிளவினைத் தாண்டிய நினைவு முயற்சி ஒன்று அச்சமூகத்தின் உள்ளிருந்தே தோன்றியமை கவனிக்கத்தக்கது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை (1820–1896) இறுதிவரை கிறிஸ்தவராக வாழ்ந்தவர். உதயதாரகையின் ஆசிரியராகவும் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் நானூற்றுக்கு மேற்பட்ட புலவரின் வரலாறுகளைத் தொகுத்துரைக்கின்றது. சைமன் காசிச்செட்டி 1859இல் ஆங்கிலத்திற் செய்ததை விரித்து, அவர் தமிழிலே தந்தார். அந்நூலின் அடிப்படை ஒரு புலவன் எச்சமயத்தான் என்பதன்று, தமிழுக்கு என் செய்தான் என்பதே. மிஷனரி வாழ்க்கை வரலாற்றின் வடிவத்தைத் தமிழ்ப் புலமை மரபின் தேவைக்கு அவர் மாற்றியமைத்தார் எனலாம்.

எனினும் புலமையை அளவுகோலாகக் கொண்ட நினைவிற்கும் எல்லையுண்டு. 1842இல் மானிப்பாயில் அச்சான பேரகராதியைத் தொகுத்தவர் உடுவிற் சந்திரசேகர பண்டிதர். நூலோ மானிப்பாய் அகராதி, யாழ்ப்பாண அகராதி என அச்சிட்ட இடத்தின் பெயராலேயே வழங்கலாயிற்று. சாமுவேல் கிறீன் வைத்தியர் (1822–1884), தாம் தமிழர்க்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்க வேண்டினார்; இன்றும் அவர் பெயர் மருத்துவத் தமிழோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அவரோடிருந்து மொழிபெயர்ப்பிலே உழைத்த சப்மன், டான்வோர்த் முதலிய மாணாக்கரை அறிந்தோர் சிலரே. உடுவிலில் நாற்பதாண்டளவு கற்பித்து 1883இல் மறைந்த எலைசா அக்னியூ அம்மையாரை ஆயிரம் புதல்வியரின் தாய் எனப் போற்றினர். அப்புதல்வியருள் எத்தனை பேரின் பெயரை நாம் சொல்லக்கூடும்? செமினரி மாணவரை மணந்து, எழுத்தறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றவர் அவர்களே. செமினரியின் மாணவருட் பெரும்பாலோர் வேளாளர் என்பதும் மறத்தற்குரியதன்று. பதிவேட்டில் இடம்பெறுதற்கே சாதி தடையாக நின்றபோது, நினைவேட்டில் அம்மக்கள் இடம்பெறாமை வியப்பன்று. விறகு பிளந்தோர், நீர் இறைத்தோர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தோர் இன்றி எந்த விடுதியும் எந்த நூலும் நடந்ததில்லை.

றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழுவின் தீர்மானத்தால் 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்குப் பயன்படவில்லை என்பதே அவர்தம் முடிபின் சாரம். பழைய மாணவர் அம்முடிபை ஏற்கவில்லை. அவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மறைந்துபோன நிறுவனம் ஒன்றுக்கு உயிருடனிருந்த மாணவர் எழுப்பிய நினைவுச் சின்னம் எனில் அதுவே சிறந்ததாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏடுகளையும் அரிய நூல்களையும் இழந்த நாம், அதன் பின் வந்த போராண்டுகளிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டுப் பெட்டிகளிலிருந்த கடிதங்களையும் இழந்தோம். ஆதலின் எஞ்சியுள்ள திருச்சபைப் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுக்கள், பாடசாலை மலர்கள், குடும்ப வேதாகமங்களின் முதற்பக்கக் குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுத்தல் நமது உடனடிக் கடமையாகின்றது. அப்பணியில் இட்ட பெயரையும் இயற்பெயரையும் அருகருகே எழுதுவோம். மதம் மாறியவரையும் மீண்டவரையும் ஒரே பட்டியலிற் சேர்ப்போம். கணவர் பெயரால் மட்டும் குறிக்கப்பட்ட பெண்களின் சொந்தப் பெயரைத் தேடுவோம். மறைந்தோர்க்குச் செய்யும் மரியாதை புகழுரையால் நிறைவுறாது. அவர்களை முழுமையாக அறிய முயல்வதே அதன் தொடக்கமாகும்.