புழுக்கள் நீங்கிய புல்வெளி

மண்புழுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் வழக்கமாகச் சார்லஸ் டார்வினிடமே போய்ச் சேர்கிறோம். அது நியாயமும்கூட. தென்கிழக்கு இங்கிலாந்தின் டவுன் கிராமத்து வயலொன்றில் 1842இல் சீமைச்சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871இல் அங்கே அகழி வெட்டிப் பார்த்தவர் அவர். துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தன. புழுக்கள் விழுங்கி மேலே கொண்டுவந்து கழித்த மண்ணே அவற்றை மூடியிருந்தது. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1881இல், இதையெல்லாம் நூலாக்கினார். கலப்பை பிறக்கும் முன்பே நிலத்தைப் புழுக்கள் உழுதுவந்தன என்பது அந்நூல் வந்தடைந்த முடிவுகளுள் ஒன்று.

அதே காலத்தில் லண்டனுக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் ஊரின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில், ஒரு புல்வெளி இதற்கு எதிரான கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. இலக்கிய அன்பர்களின் பேச்சில் அதிகம் வராத கதை இது. பண்ணையின் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ், 1842இல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். உரம் விற்று ஈட்டிய பணத்தை உர ஆராய்ச்சியிலேயே செலவிட்டவர். (வணிகரின் ஆராய்ச்சிதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உரமே இடாத துண்டுகளையும் ஒப்பீட்டுக்கென விட்டுவைத்தவர் அவர்.) அவரும் வேதியியலர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1856இல் 'பார்க் கிராஸ்' என்னும் புல்வெளியைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு உரங்களை இட்டனர். அவர்கள் அறிய விரும்பியது கால்நடைக்கான உலர்புல்லின் விளைச்சலைத்தான்.

சில துண்டுகளுக்கு ஆண்டுதோறும் அம்மோனிய உப்புகள் இடப்பட்டன. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் உண்டாகிறது. மண் மெல்லமெல்லப் புளித்தது. புழுக்கள் அங்கே வாழ முடியாமல் மறைந்தன. உதிர்ந்த தாளையும் இலையையும் உள்ளே இழுத்துச் செல்ல ஆளில்லை. அவை மட்காமல் தரையின்மேல் பாய்போலப் படிந்தன. டார்வினின் வயலில் கல்லே மண்ணுக்குள் இறங்கியது. இங்கோ சருகுகூட இறங்கவில்லை. உரமிடாத துண்டுகளில் நாற்பதை ஒட்டிய தாவர இனங்கள் வாழ, மிகவும் புளித்த துண்டுகளில் இரண்டோ மூன்றோ இனங்களே எஞ்சின.

ஆயினும் உலர்புல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உரமே காணாத துண்டுகளைவிட அதிகமாகவே கிடைத்தது. எடைத்தட்டை மட்டும் பார்த்தவர்க்கு எக்குறையும் தெரிந்திராது.

இதை 'ரசாயன உரம் மண்ணைக் கொல்லும்' என்ற ஒற்றை வரியாகச் சுருக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. நைட்ரஜனைச் சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற துண்டுகள் இவ்வாறு புளிக்கவில்லை. எந்த உரம், எந்த வடிவில், எத்தனை ஆண்டு என்பதே கேள்வி.

1903 முதல் பெரும்பாலான துண்டுகளில் ஒரு பாதிக்குச் சில ஆண்டுகளுக்கொருமுறை சுண்ணாம்பு இட்டுவரத் தொடங்கினர். அமிலம் தணிந்தது. இன்றும் அப்புல்வெளியில் அறுவடை நடக்கிறது. அம்மோனியம் பெற்றுச் சுண்ணாம்பு காணாத பகுதிகளில் அந்தச் சருகுப்பாய் இன்னும் கிடக்கிறது.