ஆணுறையும் இன்பக் கருவியும்: தாராவியில் ஓர் ஒப்பாய்வு

தாராவியின் 90 அடிச் சாலையில் ஏதாவதொரு மெடிக்கலில் ஏறி ஆணுறை கேட்டால் கிடைத்துவிடும். கேட்பவர் குரலைத் தாழ்த்துவார், கொடுப்பவர் செய்தித்தாளில் சுற்றித் தருவார், அவ்வளவுதான். 'செக்ஸ் டாய்' என்று இளையவர்கள் சொல்லும் இன்பக் கருவியை அதே கடையில் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வராது. அது கைபேசி வழியே வாங்கப்பட்டு, 'மசாஜர்' என்ற பெயரில், எழுத்தில்லாத அட்டைப்பெட்டியில் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே உடலைத் தொடும் பொருள்கள். ஒன்றைப் பற்றி நமக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மற்றொன்றைப் பற்றிச் சொல்லித் தர ஆளில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதன்முறை கருவி வாங்குபவருக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி ஆணுறையிடமே கிடைக்கிறது என்பது என் கருத்து.

வரலாற்றில் இவை பிரிந்த இடமே வியப்பானது. 1964 ஜனவரி 18 அன்று வெளியான சுங்க அறிவிக்கை, ஆபாசமான நூல்களும் பொருள்களும் நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. அதே 1964இல் கல்கத்தா ஐஐஎம் குழுவொன்று, ஆணுறையை நாடெங்கும் மலிவாக விற்பதற்கான திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஆணுறைக்கு முதலில் 'காமராஜ்' என்று பெயர் வைக்க நினைத்து, அது காங்கிரஸ் தலைவரின் பெயர் என்பதால் கைவிட்டார்கள். 1968இல் அது 'நிரோத்' ஆக வந்தது. விலை ஐந்து காசு. தேயிலையும் சோப்பும் பேட்டரியும் விற்ற பெரிய நிறுவனங்களின் விநியோக வலையே அதையும் பெட்டிக்கடை வரை கொண்டுசேர்த்தது. ஒரு பொருளுக்கு அரசு கதவைத் திறந்து வைத்தது. மற்றதற்கு அதே காலத்தில் துறைமுகத்தில் காவல் போட்டது.

இரண்டும் போட்டுக்கொண்ட வேடங்களிலும் ஒரு தலைகீழ் ஒழுங்கு உண்டு. குடும்பநலம் என்று பேசி வந்த ஆணுறை, 1991இல் பம்பாயிலிருந்து வந்த 'காமசூத்ரா' விளம்பரத்தில் முதன்முறையாக இன்பத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. இன்பத்துக்காகவே செய்யப்பட்ட கருவியோ இன்றும் உடல்வலி தீர்க்கும் பொருளாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த தருணமும் ஒன்று உண்டு. 2007இல் பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் லேடெக்ஸ், ஆணுறையோடு அதிரும் வளையம் ஒன்றையும் சேர்த்து 'கிரெசெண்டோ' என்று விற்றது. இது ஆணுறையா, செக்ஸ் டாயா என்று மத்தியப் பிரதேசத்தில் எதிர்ப்பு கிளம்பியது. தனியாக நின்றபோது ஏற்கப்பட்ட ஆணுறை, கருவியோடு சேர்ந்ததும் சந்தேகத்துக்கு ஆளானது. பிறகு 2024 மார்ச்சில், சுங்கத்துறை பறிமுதல் செய்த உடல் மசாஜர்கள் குறித்த வழக்கில், அவற்றை ஆபாசப் பொருளென்று கொள்வது அதிகாரியின் கற்பனையே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லி, துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆபாசப் பொருள்களின் விற்பனையும் காட்சியும் குறித்த சட்டப்பிரிவு (பழைய 292, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 294) அப்படியே இருக்கிறது. ஆகவே விற்பவர் இன்னும் வேடத்தைக் கலைக்கவில்லை.

அந்த வேடத்தின் விலையை வாங்குபவர்தான் கொடுக்கிறார். ஆணுறைக்கு மருந்து விதிகளில் 'ஆர்' என்ற தனி அட்டவணை இருக்கிறது. உறையின் மேல் தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். கருவியின் பெட்டியிலோ பல நேரம் எதனால் செய்தது என்றுகூட இருக்காது. உலக அளவிலேயே இதற்கான தரநிலை, ஐஎஸ்ஓ 3533, 2021இல்தான் வந்தது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2006இல் இத்தகைய கருவிகளிலுள்ள வேதிப்பொருள்களை ஆராய்ந்தபோது, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள் அவற்றில் இருப்பதைக் கண்டது. குழந்தைகளின் பொம்மைகளில் இவற்றுள் சிலவற்றுக்கு ஐரோப்பா 0.1 விழுக்காட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. பெரியவர்களின் 'பொம்மை' அப்போது அந்த விதிக்குள் வரவில்லை.

பொருள் எதனால் ஆனது என்ற கவலை புதியதன்று. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் தன் கடைசிப் பகுதியில் இத்தகைய கருவிகளைப் பற்றிப் பேசும்போது பொன், வெள்ளி, தந்தம், மரம் என்று பொருள்களையே வரிசைப்படுத்துகிறது. இன்றைய வரிசை வேறு: சிலிக்கோன், ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் கண்ணாடி. இவை நுண்துளை இல்லாதவை, சோப்பு நீரில் முழுமையாகச் சுத்தமாகும். ஜெல்லி, பிவிசி, டிபிஇ போன்ற மென்மையான பிளாஸ்டிக்குகள் நுண்துளை உள்ளவை. எவ்வளவு கழுவினாலும் கிருமி உள்ளே தங்க இடமுண்டு.

தாராவியின் 13 காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டும் வளைத்தும் தட்டியும் முகர்ந்தும், எது பிவிசி, எது வேறு என்று நொடியில் ஒதுக்குகிறார்கள். தண்ணீரில் போட்டால் பாலித்தீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் மூக்கும் விரலும் செய்யும் வேலை அது. கருவி வாங்கும் புதியவரும் அதே நிலையில்தான் நிற்கிறார். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடையின் நெடி அடித்தால், மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுத்தால், உடலுக்குள் அதற்கு இடமில்லை. நல்ல சிலிக்கோனுக்கு வாசனையே இருக்காது. மூக்கின் சாட்சி முழுச் சான்று ஆகாதுதான். விற்பவர் பொருளின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. ஆணுறைக்கும் கருவிக்கும் தலா ஒரு பகை உண்டு, இரண்டும் உராய்வைக் குறைக்கத் தடவும் ஜெல்லின் அலமாரியிலேயே இருக்கின்றன. லேடெக்ஸ் ஆணுறைக்குப் பகை எண்ணெய்: தேங்காய் எண்ணெய், வாஸ்லின், குழந்தைக்குத் தடவும் எண்ணெய் எதுவானாலும் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். சிலிக்கோன் கருவிக்குப் பகை சிலிக்கோன் ஜெல். இனம் இனத்தையே இளக்கி, மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். இருவருக்கும் நண்பன் ஒருவனே: நீர் அடிப்படையிலான ஜெல். நம் வீடுகளில் தலைக்கும் தோசைக்கும் தேங்காய் எண்ணெய் இருப்பதால் கை முதலில் அதை நோக்கித்தான் போகும். ஆணுறை பயன்படுத்துகிற வீட்டில் அந்தப் பழக்கத்தை நிறுத்தியாக வேண்டும். ஜெல் காய்ந்தால் மறுபடி தடவலாம். குறைவாகத் தடவித் தோல் உராய்ந்து எரிவதே புதியவர்களின் வழக்கமான துன்பம். மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் வேண்டாம். வலி என்பது நிறுத்தச் சொல்லும் குரல், அதை அடைத்துவிடக் கூடாது.

அதைவிட நெருங்கிய உறவும் உண்டு. கருவியின் பொருளில் நம்பிக்கை இல்லையென்றால் அதற்கு மருந்து ஆணுறைதான்: கருவியின் மேலேயே அணிவித்துவிடலாம். ஒரே கருவியை இருவர் பயன்படுத்தினால், ஆள் மாறும்போது உறையை மாற்ற வேண்டும். ஆசனவாயில் பட்ட கருவி கழுவாமல், உறை மாற்றாமல் பெண்ணுறுப்புக்குப் போகவே கூடாது, தொற்று வரும் ஆபத்து அதிகம். லேடெக்ஸ் ஒவ்வாதவர்களுக்குப் பாலியூரித்தேன் உறை இருக்கிறது. 2007இல் சேர்ந்து விற்றதற்காகச் சர்ச்சைக்குள்ளான இரண்டும், பாதுகாப்பு என்று பார்த்தால் சேர்ந்திருக்க வேண்டியவையே.

வேறுபாடு தொடங்குவது பயன்படுத்திய பிறகு. ஆணுறையின் ஆயுள் ஒரு முறை. முடிந்ததும் தாளில் மடித்துக் குப்பைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்தக் குப்பையைத் தொடப்போவது நம் தெருக்காரர் ஒருவரின் வெறுங்கை. கருவியின் ஆயுள் சில ஆண்டுகள். அதனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், காய்வதற்கு இடம் வேண்டும், கண்ணில் படாமல் வைக்க மூலை வேண்டும். காலையில் சில மணி நேரமே குழாயில் தண்ணீர் வரும் சந்தில், பத்துக்குப் பத்து அறையில், பொதுக் கழிப்பறை உள்ள வாழ்க்கையில் இம்மூன்றும் எளிதில் அமைவதில்லை. இந்த விஷயத்தில் ஆணுறை ஏழைக்கு இணக்கமான பொருள், கருவி அப்படியல்ல என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வழி இல்லாமலும் இல்லை. மோட்டார் இல்லாத முழுச் சிலிக்கோன் அல்லது எஃகுக் கருவியைத் தனிப் பாத்திரத்தில் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தால் போதும். மோட்டார் உள்ளதை மிதமான சோப்பும் ஈரத்துணியும் கொண்டு துடைக்கலாம். நீர் புகாது என்று எழுதியிருந்தாலன்றி முக்கக் கூடாது. பயன்படுத்தும் முன்னும் பின்னும் சுத்தம் செய்து, முழுக்க உலர்த்தி, தனித் துணிப்பையில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழுள்ள பரண் மட்டும் இரண்டுக்குமே ஆகாது: வெப்பத்தில் ரப்பர் முதுமையடையும், பேட்டரி கெடும். பர்சில் வைத்த ஆணுறையும் பரணில் வைத்த கருவியும் ஒரே தவறு.

உடல் என்று வரும்போதும் பாதை கொஞ்சம் பிரிகிறது. ஆணுறையில் அளவும் பொருத்தமுமே கேள்வி. கருவியில் வேகமும் கோணமும் நேரமும் சேர்கின்றன. முதன்முறை என்றால் சிறியதையும் மிகக் குறைந்த அதிர்வையும் தேர்ந்தெடுங்கள். துணிக்கு மேல் வைத்துப் பார்த்து, உடலின் வெளிப்பகுதியில் தொடங்குவது இதமான வழி. நீண்ட நேர அதிர்வால் அந்த இடம் சற்று மரத்துப்போவதுண்டு, ஓய்வு தந்தால் சரியாகும். ஆசனவாய்க்கு அகன்ற அடிப்பகுதி உள்ள கருவி மட்டுமே. அடிப்பகுதி இல்லாதது உள்ளே இழுக்கப்பட்டுவிடும், எடுக்க அறுவை அறைக்கே போக நேரிடலாம். பாட்டில், காய்கறி போன்ற வீட்டுப் பொருள்களுக்கும் இதே தடை. கர்ப்ப காலத்தில், பிரசவத்துக்கோ அறுவைக்கோ பிறகு, புண்ணோ வெள்ளைப்படுதலோ இருக்கும்போது முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பேச்சு வேண்டும் என்பதில் இரண்டும் மீண்டும் ஒன்றாகின்றன. 'ஆணுறை போடச் சொல்கிறாளே, என்மேல் நம்பிக்கை இல்லையா' என்று ஒரு காலத்தில் கணவர்கள் கேட்டார்கள். 'கருவி வேண்டுமா, நான் போதாதா' என்று இன்று கேட்கிறார்கள். ஒரே காயம்தான். மும்பையில் டாக்டர் மஹிந்தர் வத்ஸா 2005 முதல் நாளிதழ்ப் பத்தியிலும், தமிழில் டாக்டர் மாத்ருபூதம் விஜய் டிவியின் 'புதிரா புனிதமா'விலும், இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கும் துணிச்சலை மக்களுக்குத் தந்தார்கள். இருவருமே இன்று இல்லை. துணையின் விருப்பம் இல்லாமல் கருவியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். 'வேண்டாம்' என்று எந்த நிமிடத்தில் கேட்டாலும் அத்தோடு நிறுத்துங்கள்.

ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கருவி உள்ளே சிக்கிக்கொண்டாலோ வீட்டில் கம்பியும் விரலும் விட்டுப் பார்க்க வேண்டாம். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனை பக்கத்தில்தான். அவசரப் பிரிவில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நேரம் கடத்தினால் குடல் கிழியும், தொற்று பரவும் ஆபத்து கூடும்.